அத்தானோடு சண்டைக்கு ஓர் ஆள்

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது குலுங்கும் அந்தத் தோள்கள்தான். முன்னறையில் ஜன்னலோரத்து நாற்காலி, மடியில் ஒரு தலையணை, அதன் மேல் செல்போன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் எழுத்து எழுத்தாகக் குத்திக்கொண்டிருப்பார். எழுதி அனுப்பியதும் தோள்கள் இரண்டும் குலுங்கும். சத்தம் வராது. தெரியாதவர்கள் பார்த்தால் மனிதர் அழுகிறார் என்றுதான் நினைப்பார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், எங்கோ ஒருவனுக்கு வயிறு எரியும்படி நாலு வரி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று.

அவர் என் அக்காவின் கணவர். அவர் போய்ச்சேர்ந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. துட்டி கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் "தங்கமான மனுசன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு" என்றார்கள். அட கடவுளே! எந்த மனுஷனைச் சொல்கிறார்கள்? கோட்டாற்றில் அவருடைய பெயிண்ட் கடை வாசலில் அவர் நின்று பேசினால் எதிர்ச்சாரிப் பாத்திரக்கடைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கும். வீட்டுக்கு நீலம் அடிக்க வேண்டும் என்று வந்தவனிடம், "நீலமா? சவம், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும் மக்கா. வேற கடையில போயி வாங்கு" என்று அனுப்பி வைத்த மனிதர். வந்தவர்கள் அறிந்தது கடைசி இரண்டு மூன்று வருடத்து அத்தானை. அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. குற்றம் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை.

கதை ஒரு வாட்ஸ்அப் குழுவைப் பற்றியது என்று சொன்னால் சிரிப்பு வரும். வரட்டும். 'இரைச்சல்' என்பது குழுவின் பெயர். நாஞ்சில் நாட்டில் பிறந்து, ஆங்கில ராக் இசையில் கிறுக்குப் பிடித்து, பிழைப்புக்காக மஸ்கட், துபாய், பெங்களூர் என்று சிதறிப்போனவர்களும் ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் சேர்ந்தது. நான் அட்மின். பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பகலெல்லாம் பதினொன்றாம் வகுப்பை மேய்த்துவிட்டு, சாயங்காலம் இந்த நரைத்த பிள்ளைகளை மேய்ப்பேன். எந்த ஆல்பம் உயர்ந்தது, எந்த டிரம்மர் ஏமாற்றுக்காரன், எந்தப் பத்திரிகை விமர்சகனுக்குக் காதில்லை என்று வாரம் முழுக்க அடிதடி நடக்கும். 'செவிடு' என்பது அங்கே சாதாரண வசவு. 'தகர டப்பா ரசனை' என்பது கொஞ்சம் கடுமையானது. 'நீ கல்யாண வீட்டு செண்டை மேளத்துக்குத்தான் லாயக்கு' என்று ஒருமுறை அத்தான் எழுதியதற்கு மஸ்கட்காரர் ஒரு மாதம் குழுவை விட்டு வெளியேறி இருந்தார். நான்தான் தாஜா பண்ணிக் கூட்டி வந்தேன்.

குழுவுக்குச் சட்டம் இரண்டு. இரண்டும் அத்தான் போட்டவை. ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் எழுந்து போகாமல், முழுசாகக் கேட்டவர்தான் அதைப் பற்றி வாய் திறக்கலாம். இது முதல் சட்டம். வீட்டு விஷயம் எதுவும் குழுவில் பேசக்கூடாது என்பது இரண்டாவது. காலை வணக்கம் கிடையாது, பிறந்தநாள் வாழ்த்து கிடையாது, பிள்ளை வாங்கிய மார்க்கு, கல்யாணம், காய்ச்சல், சாவு ஒன்றும் கிடையாது. உறுப்பினர்கள் நேரில் சந்திக்கக்கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் அடக்கம். "ஒருத்தனுக்க வீட்டுக்குப் போயி அவன் பொண்டாட்டி போட்ட காப்பியக் குடிச்ச பெறவு, அவன எப்படி மக்கா மடையன்னு சொல்ல முடியும்? சண்டை செத்துப் போவும்லா" என்பார். எனக்கு அன்றைக்கு அது வெறும் வீம்பாகத்தான் பட்டது.

அத்தானுக்குச் சரியான எதிரி என்றால் குழித்துறை டாக்டர். மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் எல்லோருக்கும் வெறும் டாக்டர். எங்கள் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், ஆனால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இருவருக்கும் வாலிபத்திலிருந்து உயிரான ஆல்பம் ஒன்றே. கடற்பயணத்தைப் பற்றிய ஒரு பழைய ஆங்கில ஆல்பம், பாட்டுக்குப் பாட்டு கிதாரும் டிரம்ஸும் மோதிக்கொண்டு ஏறும். கடைசியில் ஒரு மெதுவான பாட்டு, ஒரு ஆள், ஒரே ஒரு கிதார். அந்தக் கடைசிப் பாட்டுதான் சண்டைக்கு வித்து. கரைக்கு வந்து சேர்ந்த மனிதனின் குரல் அது, அதற்காகத்தான் முன்னால் அத்தனை இரைச்சலும் என்பது அத்தானின் கட்சி. நல்ல மீன்குழம்பில் கடைசியாகச் சீனி போட்ட வேலை என்பது டாக்டரின் கட்சி. வருடக்கணக்கில் இருவரும் இதை விடவில்லை. நாங்கள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், 'கடைசிப் பாட்டு ஆரம்பிச்சாச்சு, நான் சாப்பிடப் போறேன்' என்று எழுதிவிட்டு ஒதுங்குவோம்.

வெளிநாட்டு விமர்சனங்களில் எல்லாம் அந்த ஆல்பம் படாரென்று பாதியில் அறுந்து முடிகிறது என்று எழுதியிருக்கும். இணையத்தில் கேட்டாலும் அந்தப் பாட்டு இருக்காது. அதற்கும் எங்களிடம் விளக்கம் இருந்தது. கம்பெனி பிற்பாடு வெட்டிவிட்டது, கிழக்கு நாடுகளுக்கு அனுப்பிய முதல் பதிப்பில் மட்டும்தான் அது இருந்தது என்று அத்தான் ஒரு முறை எழுதினார். டாக்டரே அதை ஒப்புக்கொண்டார். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இதற்கிடையில் அத்தானுக்குத் தொண்டையில் கரகரப்பு வந்தது. சளி என்றார். கடையில் பெயிண்ட் வாடை என்றார். கடைசியில் திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது குரல்வளையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் இருக்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன் மேல் வெள்ளைத் துணி. சத்தமாகப் பேசியே வாழ்ந்த மனிதர் பேச்சில்லாமல் வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒருவரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை. சின்னத் தாளில் எதையாவது எழுதிக் காட்டுவார், வந்திருப்பவர் முழுக்க வாசிக்கும் முன்பே "சரிதான், சரிதான்" என்பார். கடைக்குப் போய் உட்கார்ந்தால் அவர் கையைக் காட்டிய நிறத்தையே வாங்கிக்கொண்டு போனார்கள். நாற்பது வருடமாக உப்பு குறைந்தால் உப்பு என்று சொல்லி, அதற்கு அக்காவிடம் நாலு திட்டு வாங்கிப் பழகியவர். இப்போது அவர் தட்டைத் தள்ளி வைத்தால் அக்கா மறுபேச்சில்லாமல் வேறு ஆக்கினாள். ஒருநாள் எனக்கு எழுதிக் காட்டினார். 'நான் செத்த வீட்டுல உட்கார்ந்திருக்கேன். எல்லாரும் மெதுவாப் பேசுதானுவ. செத்தது நான்தான்னு நினைக்கேன்.' எழுதிவிட்டுப் போனைத் தட்டிக் காட்டினார். 'இதுல மட்டும்தான் உசிரோட இருக்கேன்.'

ஆமாம். குழுவில் யாருக்கும் தெரியாது. சட்டப்படி தெரியவும் கூடாது. அங்கே அவர் பழைய சண்டியர்தான், எல்லோரையும் போல விரலால் பேசுகிறவர். 'வேய், உமக்கு வயசாகி மூளை மழுங்கிப் போச்சு' என்று டாக்டர் எழுதினால் அன்றைக்கு அத்தான் ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார். எனக்கு அது தெரியும், ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பெங்களூரில் இருக்கும் ஒருவர், குழுவிலேயே வயதில் இளையவர், அந்தக் குண்டைப் போட்டார். டாக்டர் தன் பழைய கேசட்டிலிருந்து எடுத்து அனுப்பிய கடைசிப் பாட்டை, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்திருக்கிறார். அது அந்த ஆல்பமே இல்லை. அந்த இசைக்குழுவே இல்லை. யாரும் கேள்விப்படாத வேறொரு பாடகனுடைய பாட்டு. விசாரித்துக்கொண்டே போனபோது விஷயம் வெளியே வந்தது. எங்கள் எல்லோருடைய கேசட்டும் கோட்டாற்றில் ஒரே ரெக்கார்டிங் கடையில் பதிந்தது. கடைக்காரருக்கு நாடா வீணாகப் போவது பிடிக்காது. ஆல்பம் முடிந்து மிச்சம் கிடக்கும் நாடாவில் தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிக் கொடுப்பார். அட்டையில் ஆல்பத்தின் பெயர் மட்டும் பேனாவால் எழுதியிருக்கும், பாட்டுகளின் பெயர் இருக்காது. எங்களுக்கு என்ன தெரியும்? இந்த மாவட்டம் முழுக்க அந்த ஆல்பம் அந்தப் பாட்டோடுதான் முடிந்தது. ஆல்பத்தில் இல்லாத பாட்டுக்காக இரண்டு கிழவர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

குழு சிரித்துப் புரண்டது. 'கரை சேர்ந்த குரலாம்! கோட்டாற்றுக் கரையா?' என்று துபாய்க்காரர் எழுதினார். மஸ்கட்காரர் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார். 'செண்டை மேளத்துக்கு நான் லாயக்கு, கேசட்டுக் கடைக்காரனுக்கு நீர் லாயக்கு' என்றார். எல்லாவற்றையும்விட டாக்டர்தான் சதிராடினார். தானும் அதே ஏமாற்றத்தில் இருந்தவர் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. 'அது அங்கே சேராதுன்னு நான் சொன்னேனா இல்லையா? எனக்குக் காது இருக்கு. உமக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை.'

அன்று மாலை நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான் அதை வாசித்தார். முகம் செக்கச்செவேலென்று ஆனது. பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின, நிற்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருமல் வந்து, கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். போகும்போது எனக்குக் கையைக் காட்டினார், இரு, வந்து பதில் எழுதுகிறேன் பார் என்று. அப்படிச் சந்தோஷமாக அவரை ஆபரேஷனுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சமையலறையிலிருந்து வந்த அக்கா பார்த்ததெல்லாம் கண்ணீரும் குலுங்கலும்தான். நாற்காலியில் கிடந்த போனை எடுத்தாள். கழுத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருப்பதை வாசித்தாள். நான் தெருவாசலில் பால்காரரிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் எழுதி அனுப்பிவிட்டாள். 'நான் அவர் மனைவி. அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போய்விட்டது. கஷ்டத்தில் இருக்கிற மனிதர். தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள்.' நான் போனைப் பிடுங்கினேன். "எக்கா, என்ன காரியம் பண்ணிட்டே!" என்றேன். "வேற என்ன செய்யச் சொல்லுத? எம் புருசன ஒருத்தன் இப்பிடிச் சொல்லுவான், நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?" என்றாள். அவளை நான் என்ன சொல்ல முடியும்? அழிக்கலாம் என்று பார்த்தால் அதற்குள் எல்லோரும் வாசித்துவிட்டார்கள்.

குளியலறையிலிருந்து வந்த அத்தான் போனைப் பார்த்தார். கூப்பிய கைகள், சிவப்பு இதயங்கள். 'அண்ணா, மன்னிச்சிருங்க, தெரியாது.' 'பிரார்த்தனை செய்கிறோம் அண்ணா.' டாக்டர் தான் எழுதியதை அழித்திருந்தார். அத்தான் அக்காவைத் திட்டவில்லை. போனை முகம் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் லேசில் விட்டுவிடுகிற ஆளும் இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் எழுதியதில் அதுதான் உச்சம் என்பேன். கம்பெனி போட்டது கம்பெனியின் ஆல்பம், கோட்டாற்றில் போட்டது நம்முடைய ஆல்பம். பாடியவன் யாராக இருந்தால் என்ன, அறுந்து கிடந்த கப்பலைக் கரையில் இழுத்துப் போட்டவர் நம்மூர்க் கடைக்காரர். அவருக்குத் தெரிந்தது அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரியவில்லை என்று அடித்து எழுதியிருந்தார். எத்தனை ஓட்டை அதில்! பழைய டாக்டராக இருந்தால் நார் நாராகக் கிழித்திருப்பார். டாக்டர் எழுதியது ஒரே வரி. 'யோசித்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதுதான் சரி.' 'வேய்' போய் 'நீங்கள்' வந்துவிட்டது. மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அத்தான் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தார். குழுவே தலையில் வைத்துக் கொண்டாடும் ஆல்பத்தைக் குப்பை என்றார். 'வித்தியாசமான பார்வை அண்ணா' என்றார்கள். மஸ்கட்காரரின் ரசனையை மறுபடி தகர டப்பா என்றார். 'உங்கள் கையால் திட்டு வாங்க பாக்கியம்' என்றார் அவர். பொறுக்காமல் நான் டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். சட்டத்தை மீறித்தான். சட்டம் எங்கே இருக்கிறது இனி? பழையபடி ஒரு சண்டை போடுங்கள் என்று கெஞ்சினேன். "டீச்சரே, எனக்க கை வரமாட்டேங்குது. அந்த மனுசனுக்க கழுத்து ஓர்மை வருது" என்றார். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு அன்றே ஒரு நல்ல காரசாரமான பதில் எழுதினார். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் போனை என்னிடம் நீட்டினார். 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று முடித்திருந்தார் டாக்டர். அதற்குப் பிறகு அத்தான் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அக்காவுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. புரிந்தபோது அழவில்லை, கோபப்பட்டாள், யார்மேல் என்று தெரியாத கோபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "அந்த ஆல்பத்தப் போடு பிள்ளே. நான் கேக்கணும்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராக் பாட்டைக்கூட உட்கார்ந்து கேட்காதவள். கேசட்டிலிருந்து எடுத்ததையே போட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முழுசாகக் கேட்டாள். நடுவில் போன் அடித்தது, எடுக்கவில்லை. அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அவர் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பிடிக்கல" என்றாள். "இந்தக் கடைசிப் பாட்டு எதுக்கு? முந்தினதுல கதவப் படார்னு சாத்திட்டுப் போறான்லா, அதோட நிறுத்தணும். போனவன் போனவன்தான். பெறவு எதுக்கு ஒருத்தன் திரும்பி வந்து வாசல்ல நின்னு மூக்கச் சிந்துதான்? கேக்கவே எரிச்சலா வருது. இதுக்கா இத்தன காலம் குதிச்சிய?"

அத்தான் தாளைத் தேடினார். 'உனக்கு என்ன தெரியும்?' என்று எழுதி நீட்டினார். "முழுசாக் கேட்டேன்லா? உங்க சட்டம்தானே அது?" அவர் மறுபடி எழுதினார், வேகத்தில் தாள் கிழிந்தது. "எழுதுங்க, எழுதுங்க. எத்தன எழுதினாலும் அது நல்லாயில்ல. நான் ஒண்ணும் சும்மா சொல்லல, நெசமாவே நல்லாயில்ல." அவர் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அக்கா திருப்பித் தட்டினாள். நான் நடுவில் போகவில்லை. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ யாரையோ ஒரு ஆளாக மதித்துச் சண்டை போடுகிறார்கள், அதைக் கெடுக்க நான் யார்?

அவர் இருந்த மிச்ச நாள் முழுக்க அந்தச் சண்டை ஓடியது. காலையில் எழுதி வைத்துவிட்டுக் கடைக்குப் போவார். அவள் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, அவர் வந்ததும் சமையலறையிலிருந்தே பதில் சொல்லுவாள். உப்பு விஷயத்திலும் பழையபடி திட்டு ஆரம்பமானது. ஒருவர் மற்றவர் கட்சிக்கு ஒரு அங்குலம்கூட வரவில்லை. நோய் திரும்ப வந்து படுக்கையில் விழுந்த பிறகும் எழுதினார், எழுத்து கோணலாகிப் போனது. அவள் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கே சில நாள் சங்கடமாக இருக்கும், இப்போதாவது சரி என்று சொல்லிவிடேன் என்று தோன்றும். அவள் சொல்லவில்லை.

குழு இன்னும் இருக்கிறது. நான்தான் இன்னும் அட்மின். இப்போது காலை வணக்கம் வருகிறது, பூப்படம் வருகிறது, யாராவது ஒரு ஆல்பத்தைப் போட்டால் நாலு இதயம் விழுகிறது. யாரும் முழுசாகக் கேட்டதாகத் தெரியவில்லை, யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை. மூடிவிடலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அதற்கும் சோம்பலாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த மறு வாரம் டாக்டர் குழித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தார். முதல் முறையாகப் பார்க்கிறோம். ஒல்லியான, கொஞ்சம் கூன் விழுந்த மனிதர். அக்கா காப்பி கொடுத்தாள். அவர் அத்தானின் படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அம்மா, அவரு சொன்னதுதான் சரி. அந்தக் கடைசிப் பாட்டு இல்லெங்கி அந்த ஆல்பத்துக்கு உயிரே இல்ல. நான்தான் வெறுதே வாதாடிக்கிட்டு இருந்தேன்."

அக்கா அவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இல்ல டாக்டரே. அவரு சொன்னது தப்பு. கடைசி வரைக்கும் தப்பாத்தான் சொன்னாரு, அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு நான் அவரு குரல் போனத எழுதியிருக்கப்படாது, நீங்க ஒத்துக்கிட்டிருக்கப்படாது" என்றாள்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். இதற்கும், "சரிதான் அம்மா" என்றுதான் சொன்னார்.